வேதியியல் முதலாண்டு: விட்டுவிடலாமா, தொடரலாமா?

அரூர்ப்பெண்

எல்லாருக்கும் வணக்கம். அரசுக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். இப்போது இரண்டாவது செமஸ்டர். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. பொதுத்தேர்வில் வேதியியலில் 91 வாங்கினேன், அந்த மார்க்கை நம்பித்தான் இந்தப் பாடம் எடுத்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

முதல் செமஸ்டரில் அலைடு மேத்ஸ் அரியர். வேதியியல் தாளிலும் தட்டுத்தடுமாறித்தான் பாஸ். வகுப்பு முழுக்க இங்கிலீஷில் போகிறது. 'இனக்கலப்பு' என்றால் எனக்குத் தெரியும். போர்டில் 'ஹைப்ரிடைசேஷன்' என்று எழுதினால் அது இதுதான் என்று பிடிபடுவதற்குள் சார் அடுத்த பக்கம் போய்விடுகிறார். ராத்திரி 12 மணி வரை நோட்ஸை உரு போடுகிறேன். காலையில் ஒன்றும் நிற்பதில்லை.

லேபில் ஐந்து பேருக்கு ஒரு ப்யூரெட், கரைசலை அளந்து சொட்டுச் சொட்டாக விடும் கண்ணாடிக் குழாய். எங்கள் குழுவில் ஒரு பையன் எப்போதும் அதைப் பிடித்துக்கொள்வான். நான் வாஷ் பாட்டில் எடுத்துக் கொடுப்பேன், ரீடிங் எழுதுவேன். ரெக்கார்டு நோட்டை சீனியர் அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதுகிறோம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

போன வாரம் அந்தப் பையன் வரவில்லை, ப்யூரெட் என் கைக்கு வந்தது. ஆக்சாலிக் அமிலத்தில் கந்தக அமிலம் சேர்த்து, சூடாக்கி, பெர்மாங்கனேட் விட்டேன். முதல் சொட்டு விழுந்ததும் ரோஸ் நிறம் அப்படியே நின்றுவிட்டது. அதற்குள் வினை முடிந்துவிட்டதைக் காட்டும் எண்ட் பாயின்ட் வந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். ஆட்டிக்கொண்டே இருந்ததில் கொஞ்ச நேரம் கழித்து நிறம் போனது. இரண்டாவது சொட்டு அதைவிடச் சீக்கிரம் மறைந்தது. அப்புறம் விட விட உடனே உடனே மறைந்தது. அதே அமிலம், அதே பெர்மாங்கனேட். முதல் சொட்டுக்கு மட்டும் ஏன் அவ்வளவு நேரம்? பக்கத்தில் கேட்டேன். "ரீடிங் 19.8 வந்துச்சா? எழுதிட்டுப் போ" என்றார்கள்.

அத்தை பி.காம். மாறச் சொல்கிறார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கிழங்கு லோடு ஏற்றிவிட்டு வந்து உட்காரும்போது அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு பயமாக இருக்கிறது. மூன்று வருடம் படித்து ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சேலத்து மாம்பழம்

தங்கச்சி, மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதம்மா. நான் 2011-ல் பி.எஸ்சி. இயற்பியல் முடிச்சேன். 74 சதவீதம். முடிச்சுட்டு ரெண்டு வருஷம் செல்போன் கடையில் நின்னேன். எம்.எஸ்சி. படிக்க வீட்டில் வசதி இல்லை. பி.எட். போட்டவன் தனியார் பள்ளியில் சொற்ப சம்பளத்தில் இருக்கான். கடைசியில் எனக்குச் சோறு போட்டது ஆறு மாசம் உட்கார்ந்து கத்துக்கிட்ட கம்ப்யூட்டர் வேலைதான்.

அறிவியல் மேல ஆசை இருக்கலாம். ஆனால் வெறும் இளங்கலையோடு நின்னால் கஷ்டம். மேல படிக்க முடியும்னா தொடரு. முடியாதுன்னா இப்பவே யோசி. உன் அப்பா உழைப்பு வீணாகிடக் கூடாதேன்னுதான் சொல்றேன்.

பட்டறைக் குடுவை

சேலத்து அண்ணன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என் கதையைச் சொல்கிறேன்.

நானும் தமிழ்வழிதான் அரூர்ப்பெண். பி.எஸ்சி. வேதியியலோடு நிறுத்தியவள். இப்போது மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பத்தாவது வருடம். க்யூ.சி. என்போம். முதல் மாதச் சம்பளம் 11,000 ரூபாய். விடுதி, சாப்பாடு போக வீட்டுக்கு 5,000 அனுப்பினேன். இன்று எனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 500 மில்லி வேணும், எப்படித் தயார் பண்ணுவீங்க?" என்னோடு வந்தவர்களில் முதல் வகுப்பு வாங்கிய இரண்டு பேர் 2 கிராம் எடை போட்டுக் கரைப்போம் என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார்கள். கணக்கு சரிதான். ஆனால் சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். தராசுத் தட்டில் வைத்த வில்லை கண் முன்னாலேயே பிசுபிசுக்கும். அதனால் எடையை நம்ப முடியாது, தயாரித்த கரைசலை, எடையை நம்பக்கூடிய ஒரு முதல்நிலைத் திட்டப்பொருளை வைத்துத் தரம்பார்க்க வேண்டும். ஆக்சாலிக் அமிலம் அந்த வேலைக்கு ஆகும். இதைச் சொன்னேன், எடுத்துக்கொண்டார்கள். கல்லூரியில் எங்கள் லேப் அண்ணன் அந்தப் பிசுபிசுப்பைக் கையால் காட்டித் தந்திருந்ததால்தான் எனக்கு வாயில் வந்தது.

ரெக்கார்டு விஷயமும் சொல்ல வேண்டும், கோபப்படாதே. பார்த்து எழுதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடு. எங்கள் வேலையில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். பழைய எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு மாத்திரையில் மருந்து இருக்கிறதா இல்லையா என்பதை யாரோ ஒரு நோயாளி நம் கையெழுத்தை நம்பி விழுங்குகிறார். 19.8 வந்தால் 19.8. 20.3 வந்தால் 20.3. அதை மாற்றி எழுதப் பழகிய கையை அப்புறம் திருத்துவது கஷ்டம்.

ஹெச்.பி.எல்.சி. மாதிரிப் பெரிய கருவியெல்லாம் வேலையில் சேர்ந்தபின் சொல்லித் தருவார்கள். கரைசலை அளந்து எடுக்கும் பிப்பெட்டைப் பிடிக்கத் தெரியாதவருக்கு அதுவும் வராது. மருந்தில் ஈரம் எவ்வளவு என்று பார்க்க இன்றும் கார்ல் ஃபிஷர் டைட்ரேஷன்தான் செய்கிறோம். நீ இப்போது ப்யூரெட் வைத்துச் செய்யும் டைட்ரேஷனின் இன்னொரு வகைதான்.

இன்னொன்று. பிப்பெட்டை வாயால் உறிஞ்சச் சொல்கிறார்களா? நான் படித்த இடத்தில் அப்படித்தான். ஒருமுறை நீர்த்த அமிலம் என் வாய்க்குள் போய், இரண்டு நாள் நாக்கில் சுரணை இல்லை. ரப்பர் பல்ப் கேள். கல்லூரியில் இல்லையென்றால் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்.

பழைய ஆய்வுக்கூடம்

அன்பு மகளுக்கு. நான் 31 ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் சொட்டுக் கேள்வியைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். அவ்வளவு சந்தோஷம்.

நீங்கள் பார்த்ததற்குப் பெயர் தன்வினைவேகமாற்றம். பெர்மாங்கனேட்டும் ஆக்சலேட்டும் நேருக்கு நேர் மோதினால் வினை மெதுவாகத்தான் நடக்கும். இரண்டுமே எதிர்மின் சுமை உள்ள அயனிகள், எளிதில் நெருங்காது. சூடாக்கச் சொல்வதே அதனால்தான். ஆனால் வினை நடக்க நடக்க மாங்கனீசு +7 நிலையிலிருந்து +2 நிலைக்கு இறங்குகிறது. அந்த மாங்கனீசு +2 அயனி மிச்சமுள்ள பெர்மாங்கனேட்டோடு சேர்ந்து மாங்கனீசு +3 போன்ற இடைநிலைகளை உண்டாக்கும். அவை ஆக்சலேட்டை வெகு வேகமாகத் தாக்கும். ஆக, வினையில் பிறக்கும் பிள்ளையே அந்த வினையைத் துரிதப்படுத்துகிறது. முதல் சொட்டு விழும்போது குடுவையில் மாங்கனீசு +2 இல்லை, அதனால் காத்திருந்தீர்கள். பத்தாவது சொட்டுக்கு அது தாராளமாக இருந்தது.

இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். செய்து பாருங்கள். இரண்டு கோனிக்கல் ஃப்ளாஸ்க். இரண்டிலும் ஒரே அளவு ஆக்சாலிக் அமிலம், ஒரே அளவு நீர்த்த கந்தக அமிலம். சூடாக்க வேண்டாம், அறை வெப்பமே போதும். ஒன்றில் மட்டும் சிட்டிகை மாங்கனஸ் சல்ஃபேட், அதாவது மாங்கனீசு +2 உப்பு, போட்டுக் கரையுங்கள். இரண்டிலும் ஒரு மில்லி பெர்மாங்கனேட் விட்டு, கைபேசியில் நேரம் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: அமிலம் தாராளமாக இருக்க வேண்டும். குறைந்தால் மாங்கனீசு டை ஆக்சைடு பழுப்பாகப் படிந்து எல்லாம் கெட்டுவிடும்.

துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

அரூர்ப்பெண்

ஐயா, நன்றி. மூன்று முறை படித்தேன். ஒரு சந்தேகம். அப்படியானால் கந்தக அமிலம்தான் வேண்டுமா? ஹைட்ரோகுளோரிக் போட்டால் என்ன? லேபில் அதுதான் நிறைய இருக்கிறது.

பழைய ஆய்வுக்கூடம்

ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டால் பெர்மாங்கனேட் ஆக்சலேட்டோடு நிற்காது, குளோரைடையும் ஆக்ஸிஜனேற்றம் செய்து குளோரினாக்கும். ப்யூரெட் ரீடிங் கூடிவிடும். நைட்ரிக் அமிலம் தானே ஒரு ஆக்ஸிஜனேற்றி, ரீடிங் குறையும். கந்தக அமிலம் நீர்த்த நிலையில் இரண்டு பக்கமும் சேராமல் ஒதுங்கி நிற்கும். நல்ல கேள்வி. வைவாவில் எக்ஸ்டெர்னல் கேட்பார்.

பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் ப்யூரெட்டில் திரவ மட்டத்தின் கீழ் வளைவான கீழ்ப்பிறை தெரியாது, மேல் விளிம்பைப் படியுங்கள். வெளிர் ரோஸ் அரை நிமிடம் நின்றால் போதும்.

யாழ்ப்பாணத்தான்

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில பௌதிக விஞ்ஞானம் படிச்சனான். இரசாயனவியல், பௌதிகவியல், கணிதம் மூண்டும் சேர்ந்த பட்டம். நாங்களும் உயர்தரம் வரைக்கும் தமிழில படிச்சிட்டு, பல்கலைக்கழகத்துக்குள்ள போன முதல் நாளே ஆங்கிலத்தில தொடங்கினவையள்தான். நீங்கள் சொல்லுற அந்த இருட்டு எனக்கு நல்லாத் தெரியும்.

இங்க எல்லாரும் ப்யூரெட், பிப்பெட் எண்டு எழுதியிருக்கினம். எங்களுக்கு அளவி, குழாயி. டைட்ரேஷன் எங்களுக்கு நியமிப்பு. ஆக்ஸிஜனேற்றத்தை ஒட்சியேற்றம் எண்டுவம். நீங்கள் கிளர்வுறு ஆற்றல் எண்டுறதை நாங்கள் ஏவற்சக்தி எண்டு படிச்சம். பெயர் எதுவா இருந்தாலும் வினை ஒண்டுதான். இதை ஏன் சொல்லுறன் எண்டால், விளங்கினதை இன்னொரு மொழிக்கு மாத்தலாம். விளங்காததைத்தான் ஒரு மொழியிலயும் சொல்ல ஏலாது.

நான் செய்தது இதுதான். ஒரு சின்னக் கொப்பி. ஒரு பக்கத்தில ஆங்கிலச் சொல், எதிர்ப்பக்கத்தில தமிழ், கீழ ஒரு வரி உதாரணம். ஒரு நாளைக்கு ஐஞ்சு சொல்லு, கூட வேண்டாம். பாடத்துக்கு முதல் நாள் இரவு அந்த அத்தியாயத்தில வாற சொல்லுகளை மட்டும் பாத்து வைப்பன். அடுத்த நாள் விரிவுரையாளர் கதைக்கேக்க காது தானாப் பிடிக்கும்.

கவனம் வேண்டிய சொல்லுகள் இருக்கு. 'ஸ்பான்டேனியஸ்' எண்டு வெப்பவியக்கவியலில வரும். தெருவில அதுக்கு சட்டெண்டு நடக்கிறது எண்டு அர்த்தம். பாடத்தில அப்பிடி இல்லை. வைரம் கிராஃபைட்டா மாறுறது அறை வெப்பநிலையில அப்பிடியொரு மாற்றம்தான், ஆனால் ஒருத்தற்ற வைரத் தோடும் கரியாப் போகேல்ல. நடக்கக்கூடியது எண்டுறது வேற, வேகமா நடக்கிறது எண்டுறது வேற. ஆங்கிலம் நல்லாத் தெரிஞ்ச பெடியங்கள் இதில வழுக்கி விழுந்ததை நான் பாத்திருக்கிறன். தமிழில 'தன்னிச்சை' எண்டு படிச்சிட்டு வந்த எங்களுக்கு அந்தக் குழப்பம் குறைவு.

கணிதத்துக்குப் பயப்பிடாதேங்கோ. எங்கட நாட்டில பௌதிக விஞ்ஞானத்துக்கு வாறவையில கனபேர் உயர்தரத்தில இணைந்த கணிதம் செய்தவை, அதால எங்களுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் லேசு. உங்களுக்கு அது தனிப் பாடமா வந்து பயமுறுத்துது. வேதியியலுக்குள்ளயே அதைப் பிடிச்சுப் பாருங்கோ. முதல்வரிசை வினையில செறிவின்ர இயற்கை மடக்கையை நேரத்துக்கு எதிராக் குறிச்சால் நேர்கோடு வரும். அந்தக் கோட்டின்ர சரிவில எதிர்க்குறியை விட்டால் அதுதான் வேக மாறிலி. 0.693-ஐ அந்த மாறிலியால வகுத்தால் அரைவாழ்வு. தொகையிடல் எண்டால் என்னெண்டு எனக்கு உண்மையா விளங்கினது கணித வகுப்பில இல்லை, இந்தக் கோட்டிலதான்.

நிறமாலைமானி

எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். அரூர்ப்பெண், உங்களுக்கு அலைடு இயற்பியலும் வரும். அதை 'வேற பாடம், பாஸ் ஆனால் போதும்' என்று தள்ளிவிடாதீர்கள். வேதியியல் மாணவர்கள் எங்கள் லேபுக்கு வந்து செய்கிற தவறு அதுதான்.

நிறமாலைமானி வைத்துச் செய்யும் பரிசோதனை ஒன்று வரும். இருட்டறை, சோடியம் விளக்கு, மேஜை மேல் ஒரு முப்பட்டகம். தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் பிளவின் பிம்பம் மஞ்சள் கோடாகத் தெரியும். முப்பட்டக மேஜையை மெல்லத் திருப்புங்கள். கோடும் ஒரு பக்கமாக நகரும். திருப்பிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் தயங்கி நிற்கும், அப்புறம் வந்த வழியே திரும்பும். நீங்கள் அதே திசையில்தான் திருப்புகிறீர்கள், கோடு மட்டும் திரும்பிவிடும். அந்தத் தயங்குகிற இடம்தான் சிறும விலகல். முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வகையீடு பூஜ்ஜியம் என்று அலைடு மேத்ஸில் போர்டில் எழுதுகிறார்களே, அது இந்தத் தயக்கம்தான்.

இப்போது உங்கள் வேதியியல் லேபுக்கு வாருங்கள். உப்புப் பகுப்பாய்வில் சோடியம் உப்பைச் சுடரில் காட்டினால் பொன்மஞ்சள் வரும். அந்த மஞ்சளும் எங்கள் விளக்கின் மஞ்சளும் ஒன்றே. சோடியத்தின் கடைசி எலக்ட்ரான் 3பி மட்டத்திலிருந்து 3எஸ் மட்டத்துக்கு இறங்குவதால் வருகிற ஒளி அது. உற்றுப் பார்த்தால் ஒரு கோடு இல்லை, இரண்டு: 589.0, 589.6 நானோமீட்டர். உங்கள் லேபில் அது ஒரு உப்பைக் கண்டுபிடிக்கும் அடையாளம். எங்கள் லேபில் அது அளவுகோல். நடுவில் இருக்கும் சுவர் கல்லூரிக் கட்டடத்தின் சுவர் மட்டும்தான்.

இந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கதையும் இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தன்று ஜான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளர் நம் பக்கத்து ஆந்திராவின் குண்டூரிலிருந்து சூரியனின் நிறமாலையைப் பார்த்தார். மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்தார். சூரியனின் ஒளியில் சோடியம் கோடுகளுக்குப் பக்கத்தில், ஆனால் அவற்றோடு பொருந்தாமல், ஒரு மஞ்சள் கோடு இருந்தது. 587.6 நானோமீட்டர். சோடியத்திலிருந்து இரண்டு நானோமீட்டர் கூடத் தள்ளி இல்லை. இங்கிலாந்தின் லாக்கியர் அதைப் புதிய தனிமம் என்றார், ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் அதைக் கையில் பிடித்தவர் ராம்சே என்ற வேதியியலாளர், 1895-ல். கோட்டைப் பார்த்தவர்கள் வானியல்காரர்கள், வாயுவைப் பிரித்தவர் வேதியியல்காரர். எந்தத் துறையின் கண்டுபிடிப்பு என்று பிரிப்பீர்கள்?

சேலத்து மாம்பழம்

படிக்க நல்லாத்தான் இருக்கு தம்பி. நாங்களும் அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தவங்கதான். யாரும் இப்படிச் சொல்லித் தரலை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொண்ணோட கேள்விக்குப் பதில் வரலையே. மூணு வருஷம் கழிச்சு என்ன?

மதுரை மரிக்கொழுந்து

அந்தக் கேள்விக்கு நான் வருகிறேன் அண்ணா. பி.எஸ்சி. வேதியியல் முடித்து, எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் என்ற நுழைவுத் தேர்வை எழுதி, இப்போது ஐ.ஐ.டி. ஒன்றில் எம்.எஸ்சி. படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் ஜாம் என்றால் ரொட்டிக்குத் தடவுவது என்றுதான் நினைத்திருந்தோம். மூன்றாம் வருடம் நவம்பரில்தான் விவரமே தெரிந்தது, அப்போது விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. ஒரு வருடம் வீட்டில் இருந்து படித்து அடுத்த முறை எழுதினேன். அந்த ஒரு வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

ஜாம் தேர்வு வழக்கமாக பிப்ரவரியில் நடக்கும். வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் தனித்தனித் தாள். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். 30 கேள்விக்கு ஒரே விடை, தப்பானால் மதிப்பெண் குறையும். 10 கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கலாம். 20 கேள்விக்கு எண்ணைக் கணக்கிட்டு நாமே போட வேண்டும். கடைசி இரண்டு வகையிலும் தப்புக்குக் குறைப்பு இல்லை. தாள் இங்கிலீஷில்தான், ஆனால் கதை எழுதச் சொல்ல மாட்டார்கள். யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன சொல் கொப்பி இருந்தால் போதும். உரு போட்டவர்கள் அந்த எண்ணுக் கேள்விகளில் மாட்டிக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டவர்கள் தாண்டிவிடுவார்கள். நீங்கள் முதல் சொட்டைப் பார்த்து ஏன் என்று கேட்டீர்களே, அதுதான் வேண்டும்.

பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த பிஹெச்.டி. படிப்புக்கும் இந்தத் தேர்வு வழியாகப் போகலாம். எம்.எஸ்சி.க்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேர்வு. அதில் வேதி அறிவியல், இயற்பியல் அறிவியல் என்று தனித்தனித் தாள்கள் உண்டு. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆராய்ச்சி செய்யும்போதே உதவித்தொகை. 2023-லிருந்து அது மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படியும் உண்டு. என் அம்மாவிடம் இந்த எண்ணைச் சொன்னபோது படிக்கிறதுக்கா சம்பளம் என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆய்வுக்கூடம் என்றால் வெளிநாடு என்று நினைக்க வேண்டாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த நிறுவனம். சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சித் திட்டத்துக்கு இளங்கலை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கூடவே வேலை செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. இரண்டாம் வருடத்திலேயே முயற்சி செய்யுங்கள்.

எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. என்னோடு எழுதியவர்களில் நிறையப் பேருக்குக் கிடைக்கவில்லை. ஒருத்தி பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறாள். ஒருத்தன் குடுவை அக்கா மாதிரி க்யூ.சி.யில் இருக்கிறான். கடைக்குப் போனவர்களும் உண்டு, சேலத்து அண்ணன் சொன்னது பொய்யில்லை. ஆனால் இரண்டாவது செமஸ்டரில் பாடம் மாறினால் பெரும்பாலும் அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதை அத்தையிடம் சொல்லுங்கள்.

சேலத்து மாம்பழம்

இந்த விவரமெல்லாம் 2011-ல் எனக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா... சரி. தங்கச்சி, நான் முதல்ல சொன்னதை வாபஸ் வாங்கலை, ஆனால் கணக்கு கத்துக்கோ, லேபை விடாதேன்னு நானும் சேர்த்துச் சொல்றேன். அரியருக்கு உதவி வேணும்னா கேளு. பகுதி வகையீடு எனக்கு இன்னும் மறக்கலை.

பழைய ஆய்வுக்கூடம்

பாடங்களுக்கு நடுவில் சுவர் இல்லை என்று நிறமாலைமானி சொன்னதற்கு நம் ஊர் ஆள் ஒருவரைச் சொல்கிறேன். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் படித்தவர். ராமனிடம் கொல்கத்தா போவதற்கு முன் கிறித்துவக் கல்லூரியில் அவர் பார்த்த வேலை வேதியியல் செய்முறை உதவியாளர். மாணவர்களுக்குச் செய்முறை காட்டித் தருகிற வேலை. மதிய உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்து இயற்பியல் பேசுவாராம். 1928-ல் ராமன் விளைவுக்குப் பின்னால் நின்ற கை அவருடையது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இளங்கலையிலும் பிஹெச்.டி.யிலும் படித்தது இயற்பியல். 2009-ல் அவருக்குக் கிடைத்த நோபல் வேதியியலுக்கு. இளங்கலைப் பட்டத்தின் பெயர் ஒரு ஆளை அந்தப் பெயரிலேயே கட்டிப்போடுவதில்லை.

மகளே, சோதனை செய்தீர்களா?

அரூர்ப்பெண்

ஐயா, அண்ணா, அக்கா எல்லாருக்கும். பத்து நாளாகப் பதில் போடவில்லை, மன்னிக்கவும். இன்டர்னல் இருந்தது.

துறைத் தலைவர் மேடத்திடம் பயந்து பயந்துதான் கேட்டேன். வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு மேல் செய்துகொள், லேப் அண்ணன் கூட இருக்க வேண்டும் என்றார்கள். மாங்கனஸ் சல்ஃபேட் பாட்டில் அலமாரியின் கடைசித் தட்டில் இருந்தது. லேபிள் பாதி கிழிந்திருந்தது. வெளிர் ரோஸ் நிறத்தில் கற்கண்டுத் தூள் மாதிரி இருந்தது.

முதல் தடவை கெட்டுவிட்டது. கந்தக அமிலம் 5 மில்லிதான் விட்டேன். பெர்மாங்கனேட் விட்டதும் கலங்கிப் பழுப்பாகிவிட்டது. ஐயா எச்சரித்தது அதுதான் என்று உடனே புரிந்தது. லேப் அண்ணன் சிரிக்கவில்லை, "கொட்டிட்டு மறுபடி போடு பாப்பா" என்றார். இரண்டாம் தடவை 20 மில்லி ஆக்சாலிக் அமிலம், 20 மில்லி நீர்த்த கந்தக அமிலம்.

சும்மா இருந்த ஃப்ளாஸ்கில் முதல் மில்லி நிறம் போக 4 நிமிடம் 10 நொடி. சிட்டிகை போட்டதில் 35 நொடி. இரண்டையும் வெள்ளைத் தாள் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒன்று வெறும் தண்ணீர் மாதிரித் தெளிந்துவிட்டது, மற்றது இன்னும் ரோஸ். நிறம் ஒரேயடியாகப் போகவில்லை. ரோஸ் போய், தேன் மாதிரி ஒரு மஞ்சள் பழுப்பு வந்து, அப்புறம்தான் தெளிந்தது. அந்தத் தேன் நிறம்தான் ஐயா சொன்ன மாங்கனீசு +3 ஆக இருக்குமோ?

சும்மா இருந்த ஃப்ளாஸ்கிலேயே இரண்டாவது மில்லி விட்டேன், 52 நொடி. மூன்றாவது 24 நொடி. எல்லாவற்றையும் என் நோட்டில் எழுதினேன். கெட்டுப்போன முதல் தடவையையும் எழுதி, ஒரே கோடு போட்டு, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன் குடுவை அக்கா.

வெள்ளிக்கிழமை அந்தப் பையன் வழக்கம்போல ப்யூரெட்டை எடுக்க வந்தான். ஆளுக்கு ஒரு வாரம் என்று சொன்னேன். சரி என்றுவிட்டான். கேட்டால் கொடுத்துவிடுவான் என்று எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

வீட்டில் அப்பாவிடம் இரண்டு ஃப்ளாஸ்க் கதையைச் சொன்னேன். "பிள்ளை அப்பனை வேலை செய்ய வைக்குதுன்னு சொல்லு" என்றார். பாடம் மாறவில்லை என்றும் சொன்னேன். அத்தைக்கு இன்னும் சம்மதம் இல்லை.

பழைய ஆய்வுக்கூடம்

ஆம் மகளே, அந்தத் தேன் நிறம் மாங்கனீசு +3 ஆக்சலேட் அணைவு என்றே கொள்ளலாம். அதைக் கவனித்து எழுதியதற்கு என் வாழ்த்து. நேரங்களை ஒரு வரைபடத்தாளில் குறியுங்கள், மில்லி கிடையாக, நொடி நெடுக்காக. கோடு எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். மூன்று புள்ளி போதாது, ஐந்தாவது மில்லி வரை போங்கள்.

அரூர்ப்பெண்

சரி ஐயா, அடுத்த வியாழன் செய்துவிட்டுச் சொல்கிறேன். சேலத்து அண்ணா, அரியருக்கு இன்றைக்கு ஃபீஸ் கட்டிவிட்டேன். பகுதி வகையீட்டில் இரண்டு கணக்கு நிற்கிறது, எழுதிப் போடட்டுமா?